ஜெனிபாப்போவின் கறுப்பு

1500ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் லிஸ்பன் துறையிலிருந்து பதின்மூன்று கப்பல்களோடு இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட பெத்ரோ ஆல்வாரெஸ் கப்ரால், ஆப்பிரிக்கக் கரையை விட்டு மேற்கே வெகுதூரம் ஒதுங்கிப் பாய் விரித்ததன் பயனாக, ஏப்ரல் 22இல், இன்று பிரேஸில் என்று உலகம் வழங்கும் நாட்டின் கரையைக் கண்டான். அந்தக் கப்பற்படையில், கள்ளிக்கோட்டையில் நிறுவப்படவிருந்த போர்த்துகீசியப் பண்டகசாலைக்குக் கணக்கெழுதும் உத்தியோகம் பெற்று, பேரோ வாஸ் டி கமீன்யா என்பவர் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். கரையிறங்கிய சில நாட்களில் தாம் கண்டவற்றையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, மே 1ஆம் தேதியிட்டு மன்னர் மானுவேலுக்கு அவர் அனுப்பிய நீண்ட கடிதமே, அந்நாட்டைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதல் விரிவான எழுத்துச் சான்று. ஆடையின்றி நின்ற மக்களைக் கண்டு மற்றவர்கள் மலைத்து நின்றிருக்கக்கூடும்; இவரோ கணக்கர் ஆதலால், சிலருடைய உடம்பு பாதி தன் இயல்பான நிறத்திலும் மறுபாதி நீலம் பாய்ந்த ஒருவகைக் கறுப்பிலும் இருந்ததையும், வேறு சிலர் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருந்ததையும் வரிசைப்படுத்திக் குறித்து வைத்தார்.

அவர்கள் பூசியிருந்த சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் கமீன்யா கண்டுகொண்டார். முள் போர்த்த சிறு காய்களுக்குள் நிறைந்திருந்த செந்நிற விதைகளை விரலால் நசுக்கியதும் சிவப்பு வழிந்தது என்று எழுதியிருக்கிறார். பின்னாளில் அன்னாட்டோ என்ற பெயரோடு ஐரோப்பியரின் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நிறமேற்றிய விதை அதுவே. கறுப்பின் பிறப்பிடம் மட்டும் அவர் கடிதத்தில் இல்லை. அதற்கு அவரைக் குறைகூற முடியாது. அக்கறுப்பைத் தரும் மரத்தின் அடியிலேயே நின்று, அதன் காயைப் பறித்துப் பிழிந்து பார்த்தாலும், அப்பொழுது கையில் வடிவது ஏறக்குறையத் தெளிந்த நீராகத்தான் இருக்கும்.

கமீன்யா ஊர் திரும்பவில்லை. கப்பல்கள் மலையாளக் கரையை அடைந்தபின், அவ்வாண்டு டிசம்பரில் கள்ளிக்கோட்டைப் பண்டகசாலை தாக்கப்பட்டபோது மாண்டவர்களில் அவரும் ஒருவர் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்வர். பிரேஸில் மக்களின் கறுப்பு வர்ணத்தை முதன்முதல் எழுத்தில் பொறித்த மனிதரின் ஆயுள் நம் தென்னாட்டு மண்ணில் முடிந்தது என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. கடிதமோ லிஸ்பன் ஆவணக் களரியில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து, 1817இல்தான் அச்சேறியது.

அந்த மரத்தின் பெயர் பிரேஸிலில் ஜெனிபாப்போ. பெரு நாட்டார் உயிட்டோ என்பர். கொலம்பியாவிலும் கரீபியத் தீவுகளிலும் ஹாகுவா. தாவர சாஸ்திரிகள் ஜெனிபா அமெரிக்கானா என்று வகுத்திருக்கிறார்கள். மெக்ஸிகோவிலிருந்து வட அர்ஜென்டினா வரை, ஆண்டில் சில மாதங்கள் வெள்ளம் நிற்கும் ஆற்றோரக் காடுகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும், நேராக ஓங்கிய அடிமரமும் பெரிய பளபளப்பான இலைகளும் உடையதாய் வளர்வது. வெண்மையாய் மலர்ந்து பின் மஞ்சளாகும் பூ. கைக்கு நிறைவான அளவில், தவிட்டு நிறத் தோலோடு, உருண்டும் நீண்டும் காய்க்கும் காய். நமக்கு முற்றிலும் அந்நியமான மரம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டா. காப்பிச் செடியும், நம் தோட்டத்து வெட்சியும், வேலியோரத்து நுணாவும், சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளுக்கு ஒருகாலத்தில் சிவப்பேற்றிய சாயவேரும் எந்தக் குடும்பமோ, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே ஜெனிபாப்போவும். சாயத்தொழில் அக்குடும்பத்தின் குலவித்தை போலும்.

வர்ணம் கூட்டும் முறை பார்ப்பதற்கு எளியது. நன்றாகப் பருத்து, ஆனால் இன்னும் பழுக்காத காயைப் பறித்து, அதன் சதையைத் துருவியோ இடித்தோ, சில குடிகளில் வாயிலிட்டு மென்றோ, சாறு பிழிகிறார்கள். சாற்றுக்கு நிறமில்லாமையால் எழுதும்போது கோடு எங்கே போகிறது என்பது எழுதுபவளுக்கே தெரியாது; ஆகவே கரித்தூளைக் குழைத்துக்கொள்வது வழக்கம். கரி, கண்ணுக்கு வழிகாட்டுவதற்கு மட்டுமே; குளித்தவுடன் அது போய்விடும். அடியில் ஊறிய சாறு சில மணி நேரத்தில் மெல்ல நீலமாகி, மறுநாள் விடிவதற்குள் மையிட்டது போன்ற கறுப்பாகித் தோலோடு ஒன்றிவிடும். நம் பெண்கள் கைக்கு இடும் மருதாணி எவ்வாறு தோலைப் பற்றி, நாள் செல்லச் செல்ல வெளுத்து, நகத்தில் மட்டும் நகம் வளர்ந்து தீரும்வரை நிற்கிறதோ, அவ்வாறே இதுவும். ஆனால் மருதாணியைச் சுரண்டியதும் சிவப்பைக் காணலாம், இதற்கோ ஓர் இரவு பொறுத்திருக்க வேண்டும்.

இதன் இரகசியத்தை இரசாயன நூலார் அறிந்துகொண்டது நேற்றைய கதை. காயிலுள்ள ஜெனிபின் என்னும் பொருளின் அமைப்பை 1960களின் தொடக்கத்தில் கார்ல் ஜெராசி என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் வகுத்து வெளியிட்டார்கள். கருத்தடை மாத்திரைக்கு வழிகோலியவர் என்று உலகம் அறிந்த அதே ஜெராசிதான். ஜெனிபினுக்குத் தனியாக நிறம் கிடையாது. தோலிலுள்ள புரதங்களோடு அது கூடிக் காற்றும் படும்போதுதான் நீலம் உண்டாகிறது. ஆகவே மற்றச் சாயங்களைப்போல இதைக் காயில் இருந்த நிறம் என்று சொல்வது பொருந்தாது. காயும் மனித சரீரமும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் என்றே சொல்ல வேண்டும். காய் பழுக்கப் பழுக்க ஜெனிபின் குறைந்துவிடுவதால், உண்ணத்தக்க பழத்துக்குக் கறை இல்லை. கறையுள்ள காய் உண்ணத் தக்கதன்று.

அந்நாட்டுக் கரையில் வெட்டிய செம்மரத்தைக் கப்பல் கப்பலாக ஏற்றிச்சென்று ஐரோப்பியர் தங்கள் கம்பளிகளுக்குச் சிவப்பேற்றினார்கள். நாட்டின் பெயரே அம்மரத்தால் அமைந்தது. ஜெனிபாப்போவை ஒருவரும் அவ்வாறு கப்பலேற்றவில்லை. பச்சைக் காயாகவே பிழிந்து, பிழிந்தவுடன் பூசவேண்டிய ஒரு சாறு, மாதக்கணக்கான கடற்பிரயாணத்துக்கு உதவுவதன்று என்பதே காரணம் என எனக்குத் தோன்றுகிறது. வியாபாரிகள் கைவிட்டதால் சுங்கக் கணக்குகளிலும் அதற்கு இடமில்லாமற் போயிற்று. அதைப் பற்றிய செய்திகளுக்கு நாம் பிரயாணிகளின் புத்தகங்களையே நாட வேண்டியிருக்கிறது. அப்புத்தகங்களோ பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எழுதியவை.

அவர்களுள் முந்தியவர் கொன்ஸாலோ பெர்னாண்டஸ் டி ஒவியேதோ. ஸ்பானிய அரசின் சார்பில் புதிய உலகில் தங்கம் உருக்குவதை மேற்பார்வையிடும் அதிகாரியாக வந்த அவர், 1526இல் தொலேதோ நகரில் வெளியிட்ட இயற்கை வரலாற்றுச் சுருக்கத்தில் இம்மரத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். இதன் மரத்தில் அழகிய ஈட்டிக்காம்புகள் செய்வர் என்றும், களைத்த கால்களை இதன் சாற்றால் கழுவினால் அயர்ச்சி நீங்கித் தசை இறுகும் என்றும், போருக்குப் புறப்படும்போதும் அழகு செய்துகொள்ள விரும்பும்போதும் அம்மக்கள் இதைப் பூசிக்கொள்வர் என்றும் எழுதிவிட்டு, கூடவே ஒரு குறும்பையும் சொல்கிறார். வாசனை நீரோடு இச்சாற்றைக் கலந்து, அறியாத சீமாட்டிகள்மீது தெளித்துவிடுவார்களாம். தெளித்தபோது பன்னீர், பிறகு பார்த்தால் முகமெங்கும் கறுப்புப் புள்ளிகள். மருந்து தேடித் தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகுமேயன்றிப் புள்ளி போகாது. நாள் கழிந்து தானே மறையும்வரை அந்த அம்மாளுக்கு வெளியே தலைகாட்ட முடியாது. குடியேறிய ஸ்பானியர் இந்தச் சாற்றிலிருந்து முதலில் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதான் போலும்.

இன்று ரியோ நகரம் விளங்கும் குவானபாரா விரிகுடாவில், 1557ஆம் ஆண்டின் பெரும்பகுதியைத் தூப்பினம்பா மக்களிடையே கழித்த ழான் டி லெரி என்ற பிரெஞ்சுக்காரர் இன்னும் கூர்மையாகப் பார்த்தவர். தொடையிலிருந்து பாதம்வரை அவர்கள் பூசிக்கொள்ளும் கறுப்பைச் சற்றுத் தூரத்திலிருந்து கண்டால், பாதிரிமார் அணியும் கறுப்புக் காலுறை என்றே மயங்க நேரும் என்றும், எவ்வளவு நீரில் மூழ்கினாலும் பத்துப் பன்னிரண்டு நாள்வரை அது அழியாது என்றும் தம் 1578ஆம் ஆண்டு நூலில் சொல்லியிருக்கிறார். கத்தோலிக்கத்தை எதிர்த்த கால்வினின் மார்க்கத்தைச் சேர்ந்தவர் ஆதலால் ஒப்புமைக்கு அவருக்குக் கத்தோலிக்கப் பாதிரிமாரே அகப்பட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, பூச்சிகளின் வாழ்க்கையை ஆராயச் சூரினாம் காடுகளுக்குத் துணிந்து சென்ற மரியா சிபில்லா மெரியன் அம்மையார், 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட அரிய சித்திர நூலில் இம்மரத்தின் கிளையையும் பூவையும் காயையும் தீட்டி, இதன் கறை ஒன்பது நாள்வரை நீங்காது என்று குறித்தார். நாட்கணக்கு மாறினாலும், மூவரையும் வியக்கவைத்தது ஒன்றே: கழுவினால் போகாத கறை. ஏன் அதை இட்டுக்கொள்கிறார்கள் என்ற வினா அவர்களுக்கு அவ்வளவாக எழவில்லை.

அவ்வினாவுக்கு விடை கிடைப்பது உள்நாட்டில், பராகுவே ஆற்றின் கரையில். குதிரையேற்றத்திலும் போரிலும் பேர்பெற்று, அண்டை அயலாரை ஆட்கொண்டு, தம்முள் உயர்குடி, போர்வீரர், அடிமை என்னும் பிரிவுகளோடு வாழ்ந்த ம்பயா மக்களிடையே, 1760 முதல் ஏசு சபையாரை ஸ்பானிய நாடுகளிலிருந்து வெளியேற்றிய 1767வரை ஊழியம் செய்தவர் ஹோஸே சான்செஸ் லாப்ரதோர் பாதிரியார். அம்மக்கள் வேட்டையையும் மீன்பிடித்தலையும் மறந்து, நாள் முழுவதும் ஒருவர் உடம்பில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் மனம் நொந்தார். ஆண்டவன் தந்த முகத்தை இவ்வாறு கெடுக்கலாமா என்பது அவர் கேள்வி. அவர்களிடமிருந்து வந்ததோ எதிர்க்கேள்வி: எழுதாத முகத்தோடு திரிகிறவர்களை அறிவுடையவர்கள் என்று எப்படிக் கொள்வது? மிருகத்துக்கும் எழுதாத முகம்தானே இருக்கிறது? ஆடையின்றி இருந்த அவர்களைப் பாதிரியார் நிர்வாணிகள் என்று எண்ணிக்கொண்டிருந்த அதே வேளையில், அங்கி முழுதும் அணிந்திருந்த அவரை அவர்கள் அவ்வாறே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜெனிபாப்போவைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய ஏடுகளில் இந்த ஓரிடத்தில்தான் மறுதரப்பின் குரல் தெளிவாகக் கேட்கிறது என்பது என் எண்ணம்.

ம்பயாக்களின் வழிவந்த கதுவேயோ மக்களிடம், 1892இல் குவிதோ பொஜ்ஜானி என்ற இத்தாலிய ஓவியர் தங்கி அந்தச் சித்திரங்களைப் பிரதி செய்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 1935இல் மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் சென்றார். மூங்கில் குச்சியைச் சாற்றில் தோய்த்து, மாதிரியும் இல்லாமல், முன்கோடும் இல்லாமல், மேலுதட்டருகே தொடங்கி முகத்தை நான்காகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் நேர் ஒப்பாகாதபடி வளைவுகளையும் சுருள்களையும் அப்பெண்கள் இழைத்துச் செல்வதை அவர் பார்த்தார். படம் பிடித்தால் பணம் கேட்டார்கள். ஆகவே காகிதத்தைக் கொடுத்து, முகத்தில் எழுதுவதை இதில் எழுதுங்கள் என்றார். உருண்ட முகத்தில் பழகிய கைகள் தட்டையான தாளில் சிறிதும் தயங்கவில்லை. ஏறக்குறைய 400 சித்திரங்கள் சேர்ந்தன. ஒன்றைப்போல ஒன்று இல்லை. எழுதியவர்கள் அனைவரும் பெண்களே. அங்கே ஆண்கள் மரம் செதுக்குவார்கள், வர்ணம் பெண்களுடையது. தம் சமூகத்திலிருந்த பிரிவுகளைத் தீர்க்கமாட்டாத ஒரு மக்கள், அவற்றுக்குத் தீர்வை முகத்துச் சித்திரத்தில் கனவு கண்டார்கள் என்று 1955இல் வெளியான நூலில் லெவி-ஸ்ட்ராஸ் வியாக்கியானம் செய்தார். வியாக்கியானம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியைக் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்ற ஐயம் படிக்கும்போதெல்லாம் எழுகிறது.

கயாப்போ மக்களிடையே இவ்வழக்கம் இன்றும் தாய்மார் கையில் இருக்கிறது. ஷிங்கு ஆற்றுப் பிரதேசத்து ஊர்களில், தாய் தன் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, பனைவகை ஒன்றின் இலை நரம்பைச் சீவிய மெல்லிய குச்சியால் கரி குழைத்த சாற்றைத் தொட்டு, மார்பிலும் முதுகிலும் நூலிழை போன்ற இணைகோடுகளைப் பல மணி நேரம் வரைகிறாள். கைகால்களுக்கும் முகத்துக்கும் செவ்விதைச் சிவப்பு. பெரியவர்களுக்கு எழுதும்போது குச்சி வேண்டியதில்லை. சாற்றில் தோய்த்த உள்ளங்கையையே பதித்து இழுப்பார்கள். அதனால் எழுதும் பெண்ணின் ஒரு கை எப்போதும் கறுத்தே இருக்கும். மகவு பெற்று, மற்றவர்க்கு வர்ணமிடும் தகுதி அடைந்தவள் என்பதற்கு அக்கறுத்த கையே அடையாளம். பிள்ளைப்பேறு, பெயர் சூட்டல், துக்கம் நீங்குதல் ஒவ்வொன்றுக்கும் கோலம் வேறு. துக்கம் காப்பவர்கள் வர்ணமின்றி இருந்து, மீண்டும் வர்ணமிட்டுக்கொண்டே ஊரோடு சேர்கிறார்கள்.

பழத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மரத்திலிருந்து தானே விழுந்து, தோல் சுருங்கி, அழுகியதோ என்று ஐயுறும் அளவுக்கு மென்மையானபின்தான் அது உண்ணத் தகுதி பெறும். புளிப்பும் இனிப்பும் கலந்த அதன் கடும் வாசனை சிலருக்குப் பிடிக்கும், பலருக்குப் பழக வேண்டும். பிரேஸிலின் வடகிழக்கில் சதையை நறுக்கிச் சர்க்கரையிட்டு இனிப்பாகச் செய்வர். சோகைக்கு நல்லது என்பது பாட்டிமார் நம்பிக்கை. மரம் வளைந்து கொடுக்கும் தன்மையால் படகுக்கும் கருவிகளின் பிடிக்கும் உதவும். பட்டை தோல் பதனிடப் பயன்படும். எல்லாவற்றிலும் பேர்பெற்றது பஹியா மாநிலத்து மது. கனிந்த பழத்தைக் கரும்புச் சாராயத்தில் பல நாள் ஊறவைத்து, வடிகட்டிப் பாகு சேர்த்துப் புட்டியில் அடைத்துவைப்பார்கள். ஜூன் மாதத்தில் அர்ச். யோவான் திருநாள் இரவுகளில், வாசலில் நெருப்பு மூட்டி ஆடும் கூட்டம் வீடு வீடாகச் சென்று, அர்ச். யோவான் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்கும். வந்தார் என்று சொல்லி வீட்டுக்காரர் ஆளுக்கொரு சிறு கிண்ணம் ஜெனிபாப்போ மது வார்க்க வேண்டும் என்பது மரியாதை. பராகுவாசு ஆற்றங்கரைக் கஷோயெய்ரா ஊர் இம்மதுவுக்குப் பிரசித்தம். இம்மரத்தின் பெயர் சரித்திரத்திலும் ஏறியது: பியாவி மாநிலத்தில் அப்பெயர் கொண்ட ஓர் ஓடையின் கரையில், 1823 மார்ச் 13ஆம் நாள், மாடு மேய்ப்பவர்களும் உழவர்களும் அரிவாளும் வெட்டுக்கத்தியும் ஏந்திப் போர்த்துகீசியப் படையை எதிர்த்து நின்றார்கள்; களத்தில் தோற்றாலும் அப்படையின் மூட்டைமுடிச்சுகளைக் கவர்ந்து அதன் பயணத்தைத் திசைமாற்றினார்கள். இன்று அம்மாநிலக் கொடியில் அத்தேதி பொறிக்கப்பட்டிருக்கிறது.

நூற்றாண்டுக் கணக்கில் காடுகளுக்குள் ஒதுங்கியிருந்த இக்கறுப்பு தலைநகரின் நடுவே வந்து நின்றது 1987 செப்டம்பர் 4இல். இராணுவ ஆட்சி முடிந்து புதிய அரசியல் சட்டம் இயற்றிக்கொண்டிருந்த பிரேஸிலியச் சபையில், ஆதிகுடிகளின் உரிமைகளைக் குறுக்கும் முயற்சிகள் நடந்துகொண்டிருந்தபோது, அக்குடிகளின் சார்பில் பேச வந்தார் அயில்டன் க்ரெனாக் என்ற இளைஞர். உடுத்தியிருந்தது தூய வெள்ளை உடுப்பு. பேச்சின் இடையே, குரலை உயர்த்தாமலே, ஜெனிபாப்போக் குழம்பை விரலால் தொட்டுத் தொட்டுத் தம் முகத்தில் பூசத் தொடங்கினார். பேசி முடிக்கும்போது முகம் முழுவதும் கறுத்திருந்தது. துக்கத்தின் கறுப்பு அது என்று சபையினருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1988 அக்டோபரில் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 231ஆம் பிரிவு, ஆதிகுடிகள் வழிவழியாக வாழும் நிலங்களின்மீது அவர்களுக்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டது. ஒரு பேச்சால் ஒரு சட்டம் வந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். அதற்காக உழைத்தவர்கள் பலர். எனினும் அந்தச் சபை நடவடிக்கைகளில் இன்றும் மக்கள் நினைவில் நிற்பது அந்த முகம்தான்.

அதன்பின் அரசாங்கங்களின் பார்வை மாறியது. வட பிரேஸிலின் அமபா மாநிலத்து வஜாப்பி மக்கள், மலைப்பாம்பு, சிறுத்தை, வண்ணத்துப்பூச்சி, மீன்முள் முதலியவற்றைக் கோட்டுருவங்களாக்கி ஜெனிபாப்போவாலும் செவ்விதையாலும் உடம்பில் எழுதும் குசிவா என்னும் கலையை, 2002இல் பிரேஸில் தேசியப் பாரம்பரியச் சொத்தாகப் பதிவு செய்தது. மறு ஆண்டு யுனெஸ்கோவும் அதற்கு அங்கீகாரம் அளித்தது. வியாபாரிகளும் இம்முறை பின்தங்கவில்லை. சாற்றோடு கிளைசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து, தோலின் வேலையைத் தொட்டியிலேயே செய்வித்து எடுக்கும் ஹாகுவா நீலத்தை உணவுப் பண்டங்களில் கலக்க, 2023இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. செயற்கை நீலங்களைக் கண்டு அஞ்சும் காலத்தில் மிட்டாய்க்கும் பானத்துக்கும் அது வேண்டியிருக்கிறது. மரபறிவைக் கொண்டு ஈட்டும் ஆதாயத்தில் அவ்வறிவுக்கு உரியவர்களுக்கும் பங்கு தரவேண்டும் என்று பிரேஸிலின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதிக்கிறது. ஆனால் அதன் ஆணை அந்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். காயைப் பிழிந்து நீலம் காணும் அறிவோ மெக்ஸிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை எத்தனையோ குடிகளின் பெண்கள் கையில் இருக்கிறது. அவர்களுள் யாருக்கு எவ்வளவு அளப்பது என்பதற்கு எந்த நாட்டுச் சட்டமும் வழி வகுத்ததாக எனக்குத் தெரியவில்லை.